ஜெயலெட்சுமியின் நேர்முகப் பரீட்சை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோ பள்ளிக்கூட மேட்டில் மூச்சிரைக்க ஏறி நின்றதும் ஓட்டுநர் திரும்பிக் கேட்டார்.

"என்னா தங்கச்சி, இன்னைக்கு எலெக்சனா?"

நிஷாந்தி எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலிலிருந்து தேயிலைச் சரிவு வரைக்கும் நீண்ட வரிசை. பிள்ளைகள் இல்லை, எல்லாம் பெரியவர்கள். கல்யாண வீட்டுக்கு மட்டும் வெளியே வரும் சேலைகளில் பெண்கள், மடிப்புக் கலையாத சட்டைகளில் ஆண்கள். எல்லார் கையிலும் ஏதோ ஒரு பைல். பைல் இல்லாதவர்கள் காகிதக் கட்டைச் சொப்பிங் பேக்கில் சுற்றி இடுக்கியிருந்தார்கள். ஒருவர் பிஸ்கட் டின்னையே தூக்கி வந்திருந்தார்.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான அவர்கள் லயத்தில் அடுத்த காம்பிரா அறையில் இருக்கும் மீனம்மா அக்காதான்.

"அந்தா வந்துட்டா நம்ம நிஷாந்தி! ஏம்புள்ள, மொதல்ல எந்த லயத்துப் பேரக் கூப்புடுவாங்க?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? வேலைக்குத்தான்! நீதானே போன்ல எழுதி அனுப்புன?"

நிஷாந்தி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பழைய பேப்பரில் சுற்றிய பதினொரு பிளாஸ்டர் தாடைகள் இருந்தன. கொழும்பில் செயற்கைப் பல் செய்யும் ஒரு லேபில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் படித்த இதே பள்ளிக்கூடத்தில் இன்று பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் நாள். "நம்ம பிள்ளைங்களுக்கு டொக்டர், டீச்சர், பேங்க் மூணு வேலைதான் தெரியும். நாலாவதா நீ ஒன் பல்லக் கொண்டாந்து காட்டு" என்று யோகேஸ்வரன் சேர் போனில் சொல்லியிருந்தார்.

பல்லைக் காட்டுவது மட்டும் அவள் நோக்கமில்லை. தங்கச்சி டிலானிக்கு நுவரெலியாவில் மூன்று வார முகாம் ஒன்று இருந்தது. கணினி, மின்சாரம், இயந்திரம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், அங்கேயே தங்கவும் வேண்டும். டிலானி அந்தப் படிவத்தை ஒரு மாதமாகத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். இன்று பிற்பகலோடு கடைசி. அம்மா ஜெயலெட்சுமி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், "வேணாம்னா வேணாம்." அப்பா இராமையாவைக் கேட்டால், "ஒங்கம்மா போட்டா நானும் போட்ட மாதிரி." முகாமை நடத்தும் மிஸ்ஸை நேரில் பார்த்தால் அம்மா மனசு மாறும் என்று நிஷாந்தி நினைத்தாள். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனை வாயருகே வைத்து, வழக்கம்போலக் குடும்பக் குரூப்புக்குப் பேசி அனுப்பினாள். போன் அவள் சொன்னதையெல்லாம் ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுதித் தள்ளியது. இப்போது அதை எடுத்துப் படித்தாள்.

"டிலானி அம்மாகிட்ட சொல்லு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயம் வரணும் கம்பெனிக்காரங்க வர்றாங்க பேங்க்ல இருந்து வர்றாங்க நுவரெலியாவுல இருந்து மிஸ் வர்றாங்க எடம் கொஞ்சந்தான் இருக்கு பைல எடுத்துட்டு வரச்சொல்லு அன்னைக்கே எழுதிக் குடுத்தாத்தான் உண்டு பயப்பட வேணாம் நான் இருப்பேன் நான் பஸ்ஸுல நிக்கிறேன் சாப்புட்டேன்"

பைல் கேட்டது டிலானியின் பிறப்புப் பத்திர நம்பருக்காக. ஆனால் தோட்டத்தில் பைல் என்றால் வேறு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைக் கொப்பி, கிராம சேவகர் கடிதம், தடுப்பூசி அட்டை எல்லாம் அடங்கிய அந்தப் பைலை யாரும் சும்மா வெளியே எடுப்பதில்லை. எடுத்தால், வீட்டுக்குப் பெயர் பதிகிறார்கள், இல்லையென்றால் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். 'பைலோடு வா' என்ற சொல்லுக்கு அந்த மலையில் மூன்றாவது அர்த்தம் கிடையாது.

வாசலில் யோகேஸ்வரன் சேர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தியபடி நின்றார். கணக்கு வாத்தியார். அவர் எண்ணி முடித்திருந்தார்.

"எண்பது பிள்ளைங்களுக்கு டீ சொன்னேன் நிஷாந்தி. வெளியில எறநூத்திச் சொச்சம் பேர் நிக்கிறாங்க."

"சேர், என்னாலதான் சேர். மன்னிச்சிக்கங்க சேர்."

"தெரியும். ஒன் மெசேஜ எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க. கடைசியா வந்ததுல 'வேன் வசதி உண்டு'ன்னு வேற சேத்திருந்தாங்க."

அந்த நேரம் பார்த்து மேட்டுப் பாதையில், மலையில் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் வடிவேல் கங்காணி வந்துகொண்டிருந்தார். மழைக்கோட்டு, கையில் குடை, முகத்தில் கடுகு வெடித்தது.

"மலையில கொழுந்தெடுக்க ஒரு நாதி இல்ல! மூணு பொம்பளைங்க நிக்கிறாங்க, அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது. எல்லாரும் இங்கயா வந்து நிக்கிறீங்க? தொரைக்கு யார் பதில் சொல்றது?"

வரிசை கொஞ்சம் கலங்கியது. மீனம்மா அக்கா மட்டும் அசையவில்லை.

"அது சரிங்க கங்காணி. கோட்டுக்குள்ள என்னா அது, சதுரமா முட்டுது?"

வடிவேல் கோட்டை இழுத்து மூடினார். மூடியதில் பச்சை நிற பைலின் ஒரு மூலை கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது. வரிசை முழுவதும் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த காகங்கள் பறந்தன.

"எம் மவனுக்காகக் கொண்டாந்தேன்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். நிஷாந்தி படியில் ஏறினாள்.

"எல்லாரும் என்னைய மன்னிச்சிக்கங்க. இங்க வேலைக்கு ஆள் எடுக்கல. வெளியில என்னென்ன வேலை இருக்குன்னு பிள்ளைங்களுக்குக் காட்டத்தான் வந்திருக்காங்க. நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே பேசுனதால..."

திட்டுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னென்ன வேலை இருக்குன்னு எங்களுக்குங் காட்டுனா கொறைஞ்சா போயிரும்?" என்றாள் மீனம்மா.

"சேலையுங் கட்டியாச்சு. இதோட மலைக்கு எப்படிப் போறது?" என்றாள் இன்னொருத்தி.

பிஸ்கட் டின்காரர், "டீயாச்சும் உண்டா?" என்றார்.

யோகேஸ்வரன் சேர் பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தார். "உண்டு, அரைக் கப்பு! கங்காணி, ஆளப் பிரிச்சு விடுங்க."

பிறகு நடந்தது அசல் பெரட்டுதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதுபோல வடிவேல் குடையை நீட்டி நீட்டி, "மொத நம்பர் லயம் பேங்க்குக்கு! ரெண்டாம் நம்பர் நர்ஸ்மாருக்கு! மூணாம் நம்பர் பல்லுக்கு! பேசாமப் போ, தள்ளாத!" என்று ஐந்தே நிமிடத்தில் கூட்டத்தை வகுப்பறைகளுக்குள் ஏற்றிவிட்டார். வங்கியிலிருந்து வந்த இளைஞர் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

நிஷாந்தியின் மேசையில் பதினொரு தாடைகளும் வரிசையாக இளித்தன. பிள்ளைகள் மெழுகை உருக்கிப் பல் வடிவம் செய்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வேறு தேவை இருந்தது.

"இது எத்தன நாள் தாங்கும்?"

"முறுக்குக் கடிக்கலாமா?"

"வெத்தல போட்டா செவக்குமா? செவக்கலன்னா நல்லாருக்காதே."

பிஸ்கட் டின்காரர் ஒரு தாடையை எடுத்துத் தன் வாய்க்கு நேரே வைத்து, ஜன்னல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "மாமா, அது வேற ஒருத்தரோட அளவு," என்று நிஷாந்தி பிடுங்கினாள். "பரவால்ல, எனக்குத்தான் எடுப்பா இருக்கு," என்றார் அவர். பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சிரிக்காமல், "அக்கா, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்?" என்று கேட்டாள். நிஷாந்தி ஒரு மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் எடுத்துப் பொருத்திக் காட்டினாள்.

அம்மா எங்கே என்று அப்போதுதான் தேடினாள். ஜெயலெட்சுமி கதவோரம் ஊதாச் சேலையில் நின்றாள். பைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ஏம்மா தனியா நிக்கிறீங்க?"

"தங்கச்சிக்கு இங்கயே தேயில ஸ்டோர்ல கணக்கு எழுதுற வேல ஏதாச்சும் இருக்கும்னு வந்தேன். வீட்டுல இருந்து போய் வரலாம்னு. அந்த முகாமுக்குன்னா வந்திருக்கவே மாட்டேன்."

"மிஸ்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்கம்மா."

"வேணாம்னா வேணாம்."

மூலையில் முகாம் மேசை. நுவரெலியாவிலிருந்து வந்த டில்ருக்ஷி மிஸ் அங்கே தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பள்ளிக்கு ஐந்து இடம். இரண்டு படிவம்தான் வந்திருந்தது. பெண்கள் அந்த மேசையைக் கண்டதும் ஒதுங்கிப் போனார்கள்.

பதினொரு மணிக்கு மாதிரி நேர்முகப் பரீட்சை. பிள்ளைகளே இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து கேட்டுப் பழகுவதாக ஏற்பாடு. ஆனால் நாற்காலிகளில் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யோகேஸ்வரன் சேர் ஒரு கணம் யோசித்தார். "சரி! பிள்ளைங்க கேளுங்க, பெரியவங்க பதில் சொல்லுங்க. தாள்ல பத்துக் கேள்வி இருக்கு. யார் வந்தாலும் 'வணக்கம், உக்காருங்க'ன்னு சொல்லணும்."

வடிவேல் வரிசையைத் தள்ளிவிட்டதில், நிஷாந்தியின் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்த டிலானிக்கு முன்னால் வந்து நின்றது அவளுடைய அம்மாவே. ஜெயலெட்சுமி பின்னால் நழுவப் பார்த்தாள். பின்னால் மீனம்மா சுவர்போல நின்றாள்.

"வணக்கம், உக்காருங்க," என்றாள் டிலானி. காது சிவந்துவிட்டது. "ஒங்க பேரு?"

"ஏன்டி, எம் பேரு ஒனக்குத் தெரியாதா?"

"நேர்முகப் பரீட்சையில 'டி' போடக் கூடாதுங்க."

மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜெயலெட்சுமிங்க."

"என்ன அனுபவம் இருக்கு?"

"இருவத்தாறு வருசமா கொழுந்து எடுக்குறேன். கவாத்து வெட்டிருக்கேன். புல்லு வெட்டிருக்கேன். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வளத்திருக்கேன், ஒண்ணு கேள்வி கேக்குது."

"ஒங்க பலவீனம்?"

"அப்படின்னா?"

"ஒங்ககிட்ட இருக்குற கொறை."

"எங்கிட்ட என்னா கொறை? ஒங்கப்பாவைக் கேளு."

நான்கு மேசைக்கு அந்தப் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. டிலானியும் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள்.

"வீட்டை விட்டு வெளியூர்ல தங்கி வேலை செய்ய நீங்க தயாரா?"

ஜெயலெட்சுமி பைலின் மூலையைத் தடவினாள். தாளில் அடுத்த கேள்விக்குப் போகலாமா என்று டிலானி தடுமாறினாள்.

"போயிருக்கேன்," என்றாள் அம்மா.

நிஷாந்தி கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தாள்.

"பதிமூணு வயசுல. ஒரு மனுசன் தாளோட வந்தாரு. கண்டியில ஒரு வீட்டுல கொழந்தையப் பாத்துக்கிறதுக்கு ஒரு மாசம்னாரு. நல்லவங்களாம், படிக்க வைப்பாங்களாம். எங்கப்பாரு கைநாட்டு வெச்சாரு. ரெண்டு வருசம். வீட்டுக்குப் போறேன்னு சொன்னா, தாள்ல கைநாட்டு இருக்கேம்பாங்க. போன் கிடையாது. அப்பாரு தேடிக்கிட்டு வந்தப்ப வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டாங்க. நான் மாடியில இருந்து அவரு தலையப் பாத்தேன்." ஜெயலெட்சுமி நிமிர்ந்தாள். "அதுனாலதான் எந்தத் தாள்லயும் எம் புள்ளைங்களுக்காக நான் போட மாட்டேன். போதுமாங்க?"

இது இரண்டு மகள்களுக்கும் தெரியாது. கொழும்பில் மாமா வீட்டில் தங்குவதென்றால்தான் போகலாம், காலையும் மாலையும் எங்கே நிற்கிறாய், சாப்பிட்டாயா என்று சொல்லியாக வேண்டும் என்று அம்மா மூன்று வருடமாகப் பிடித்த பிடிவாதம் நிஷாந்திக்கு நினைவு வந்தது. அதைச் சந்தேகம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

டிலானி தாளைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அழுகை முட்டியது, ஆனால் தொழிலை விடவில்லை. "கடைசிக் கேள்விங்க. எங்கள்ட்ட ஒங்களுக்குக் கேக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

"ஒங்கிட்ட என்னத்தக் கேக்குறது?" ஜெயலெட்சுமி எழுந்தாள். "கேக்குறதுன்னா அந்த மிஸ்கிட்டத்தான் கேக்கணும்."

"கேளுங்கம்மா!" நிஷாந்தி மேசையைச் சுற்றி ஓடி வந்தாள். "கேளுங்க. எல்லாத்தையும் கேளுங்க. இந்த நாற்காலியிலயே அவங்கள உக்கார வெச்சுக் கேளுங்க."

வடிவேல் ஒரு கையால் நாற்காலியைத் தூக்கிப் போட்டார். டில்ருக்ஷி மிஸ் சிரித்தபடி வந்து உட்கார்ந்தார். சிரிப்பு முதல் கேள்வியோடு போய்விட்டது.

"வணக்கம். பொம்பளப் புள்ளைங்க தூங்குற எடத்துக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்ட. நானும் அங்கதான் தூங்குறது," என்றார் மிஸ், சிங்களம் கலந்த தமிழில்.

"உள்ள இருந்து தொறக்க முடியுமா?"

"முடியும்தானே. வெளியில பூட்டு இல்ல."

"போனு?"

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் குடுக்குறது."

"காலையிலயும் குடுக்கணும்."

"ஹரி, சரி, காலையிலயும்."

"எந்த நாளு வேணும்னாலும் நாங்க வந்து பாக்கலாமா? சொல்லாமக் கொள்ளாம?"

"வாங்க அம்மா. சாப்பிட்டுப் போங்க."

சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். மீனம்மா தன் மகள் வினோதாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தியிருந்தாள். ஜெயலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

"நடுவுல ஒரு புள்ள, 'எனக்குப் புடிக்கல, வீட்டுக்குப் போறேன்'ன்னு சொன்னா? அன்னைக்கே விடுவீங்களா?"

டில்ருக்ஷி மிஸ் முகாம் விதித் தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதற்காகவே நிஷாந்திக்கு அவரைப் பிடித்துப்போனது. "எங்க சட்டத்துல வாரக் கடைசியிலதான் விடுறது," என்றார். "பொய் சொல்ல ஏலாது அம்மா."

"அப்ப வேணாம்."

"கொஞ்சம் இருங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். சிங்களத்தில் மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் உயர்த்தி, கடைசியில் கையை வீசி வீசிப் பேசினார். "நம்ம பக்கந்தான் பேசுது," என்று வடிவேல் மொழிபெயர்த்தார். திரும்பி வந்த மிஸ்ஸின் முகம் வெற்றி பெற்ற முகம்.

"அன்னைக்கே விடுறது. நானே கூட்டிட்டு வாறது."

"எழுதிக் குடுங்க," என்றாள் ஜெயலெட்சுமி.

"எழுதிக் குடுங்க மிஸ்," என்றார் வடிவேலும், சாட்சிக்காரர் தோரணையில்.

மிஸ் படிவத்தின் அடியில் தமிழில், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீனம்மா அதைப் பக்கத்து மேசைப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்ததும், "எங்களுக்கும் இதையே எழுதிக் குடுங்க!" என்று வினோதாவின் படிவத்தை நீட்டினாள். மூன்றாவது இடம் போனது. ஒரு வெள்ளைச் சேலை முண்டியடித்தது. நான்காவதும் போனது. இன்னும் மூன்று கைகள் நீண்டன.

"அம்மா!" என்றாள் டிலானி.

"இரு. வாசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அம்மா, ஒரே எடந்தான் இருக்கு!"

"ஏன்டி பறக்குற? நாந்தானே கேட்டு வாங்கிக் குடுத்தேன். எனக்கு இல்லாமயா போயிரும்?" ஜெயலெட்சுமி மற்ற கைகளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். கைகள் பின்வாங்கின. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்து வாசித்தாள். பிறகு நிஷாந்தியிடமிருந்து பேனாவை வாங்கி, தன் பெயரை ஓர் எழுத்தும் விடாமல், கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று பெரிதாக எழுதினாள்.

டிலானி கத்திய கத்தலில் பல்மேசையிலிருந்து ஒரு தாடை உருண்டு விழுந்தது. அவள் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். யோகேஸ்வரன் சேர் தானே ஒரு கப் டீயைக் கொண்டுவந்து ஜெயலெட்சுமி முன்னால் வைத்தார். அது அரைக் கப்பு இல்லை, தளும்பத் தளும்ப முழுக் கப்பு.

டில்ருக்ஷி மிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

"எங்க எந்திரிக்கிறீங்க?" ஜெயலெட்சுமி படிவத்தின் ஒரு முனையை இன்னும் விடவில்லை. "உக்காருங்க. சாப்பாடு என்னா போடுவீங்க?"

"சோறு, பருப்பு, தேங்காய் பொல்சம்பல், முட்டை..."

"எம் புள்ள முட்டை திங்காது."

"திம்பேன், திம்பேன்!" என்றாள் டிலானி.